இடுப்பில் இருக்கும் ஈயம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மான் வேட்டைக்குச் செல்லும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருடைய தோளில் ரைபிள் தொங்குகிறது. இடுப்பு உறையில் ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது. ரைபிளில் ஒரே ஓர் ஈயத் தோட்டா இருந்தாலும் அவர் சட்டத்தை மீறியவராகிறார். ஆனால் கைத்துப்பாக்கி நிறைய ஈயத் தோட்டாக்கள் இருந்தாலும், அது தம் உயிரைக் காத்துக்கொள்வதற்கு மட்டுமே என்றால், ஈயத் தடைச் சட்டம் அவரைத் தொடுவதில்லை. உலோகம் ஒன்றுதான், மனிதரும் ஒருவரே. வேறுபடுவது நோக்கம் மட்டுமே.

செயல்கள் யாவும் எண்ணங்களைப் பொறுத்தவை என்று சிறு வயது முதல் கற்றுவந்த நமக்கு இந்த வேறுபாடு வியப்பைத் தராது. எனினும் ஒரு நாட்டின் வேட்டைச் சட்டம் நிய்யத்தை அளவுகோலாகக் கொள்ள நேர்ந்தது எவ்வாறு? அந்த வரலாற்றை ஒருமுறை பார்ப்பது பயனுள்ளது. அதன் இடையே நம் முன்னோர்களான ஃபிக்ஹு அறிஞர்களும் வருகிறார்கள் என்பதால், அது நமக்கு முற்றிலும் அந்நியமான வரலாறும் அன்று.

வாத்துகளில் தொடங்கிய வழக்கு

ஈயம் எளிதில் உருகும், எளிதில் வார்க்கலாம், எடை மிகுந்தது, விலை குறைந்தது. துப்பாக்கி தோன்றிய நாள் முதல் தோட்டாவுக்கு ஈயமே தகுந்த உலோகமாக இருந்து வந்ததற்கு இவையே காரணம். அது நஞ்சு என்பதும் பண்டைக் காலம் தொட்டே மனிதர் அறிந்ததுதான். ஆயினும், சுட்ட பின்பு அந்த ஈயம் எங்கே போகிறது என்று நெடுங்காலம் எவரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை முதலில் எழுப்பியது நீர்நிலைகள்தாம். வாத்து வேட்டையில் ஒவ்வொரு வெடிக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு ஈயக் குண்டுகள் சிதறுகின்றன. பறவையின் மீது படுபவை சில. சேற்றில் விழுபவை பல. வாத்துகள் இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கும் இயல்புடையவை. கல்லென்று எண்ணி அவை ஈயத்தை விழுங்கின. இரைப்பையில் ஈயம் தேய்ந்து, கரைந்து, இரத்தத்தில் கலந்தது. சிறகு தளர்ந்து, உடல் மெலிந்து, அவை கரையோரங்களில் மடிந்தன.

1894-ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் பேர்ட் கிரின்னெல் என்ற இயற்கை ஆர்வலர், தாம் நடத்திய வேட்டை இதழில் இதைப் பற்றி எழுதினார். வேட்டையை வெறுத்தவர் அல்லர் அவர், வேட்டைக்காரர்களுள் ஒருவர். 1919-இல் அமெரிக்க வேளாண் துறை, அலெக்சாண்டர் வெட்மோர் எழுதிய ஆய்வறிக்கையை வெளியிட்டது. 1959-இல் ஃபிராங்க் பெல்ரோஸ் என்ற ஆய்வாளர், ஆண்டுதோறும் நீர்ப்பறவைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் மூன்று வரை ஈய நஞ்சால் இறக்கின்றன என்று மதிப்பிட்டார். இத்தனைக்குப் பிறகும், நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டுகளுக்கு நாடு தழுவிய தடை வந்தது 1991-ஆம் ஆண்டு வேட்டைப் பருவத்தில்தான். முதல் எச்சரிக்கைக்கும் சட்டத்துக்கும் இடையே 97 ஆண்டுகள் கழிந்தன.

தடையின் பலன் விரைவிலேயே தெரிந்தது. ஈயத்துக்குப் பதிலாக எஃகுக் குண்டுகள் வந்ததால் 1997-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 14 இலட்சம் வாத்துகள் உயிர் பிழைத்தன என்று பின்னர் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆனால் அந்தத் தடை நீர்ப்பறவைகளோடு நின்றுவிட்டது. மலையிலும் காட்டிலும் மானைச் சுடும் ரைபிள் தோட்டாவை அது தொடவில்லை.

கழுகின் கணக்கு

கலிபோர்னியா காண்டோர் என்பது வட அமெரிக்காவின் மிகப் பெரிய பறவை. சிறகுகளை விரித்தால் ஒன்பதரை அடி. அது பிணந்தின்னிக் கழுகினத்தைச் சார்ந்தது. இறந்தவற்றை மட்டுமே உண்டு, காட்டைத் தூய்மையாக வைத்திருப்பது. அது பருவமடைய ஆறு ஆண்டுகளாவது ஆகும். பெண் பறவை ஒரு முறைக்கு ஒரே முட்டைதான் இடும். இவ்வளவு மெதுவாகப் பெருகும் ஓர் இனத்தில் ஒரு முதிர்ந்த பறவை இறந்தால், அந்த இழப்பை ஈடுகட்டப் பல ஆண்டுகள் தேவைப்படும்.

1982-இல் உலகிலேயே 22 காண்டோர்கள்தாம் எஞ்சியிருந்தன. 1980-களின் நடுவில் காட்டில் இறந்து கிடந்த பறவைகளை ஆராய்ந்தபோது, அவற்றுள் மூன்று ஈய நஞ்சால் மடிந்தவை எனத் தெரிந்தது. 1987 ஏப்ரலில் காட்டிலிருந்த கடைசிப் பறவையும் பிடிக்கப்பட்டது. அப்போது மொத்தம் 27. அவை சான் டியாகோ, லாஸ் ஏஞ்சலீஸ் விலங்குக் காட்சியகங்களில் இனப்பெருக்கம் செய்விக்கப்பட்டன. 1992-இல் மீண்டும் காட்டில் விடும் பணி தொடங்கியது.

காட்டுக்குத் திரும்பிய பறவைகளை அதே நஞ்சு காத்திருந்தது. அது அவற்றை அடைந்த வழி இதுதான். வேகமாகப் பாயும் ஈயத் தோட்டா எலும்பிலும் தசையிலும் மோதும்போது முழுதாக நிற்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உட்படப் பல நூறு துண்டுகளாகச் சிதறுகிறது. வேட்டைக்காரர் மானை அங்கேயே அறுத்து, குடலையும் உள்ளுறுப்புகளையும் காட்டில் விட்டுவிட்டு இறைச்சியை மட்டும் எடுத்துச் செல்வார். 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இவ்வாறு விடப்பட்ட 20 குடல் குவியல்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தனர். அவற்றுள் 18-இல் தோட்டாத் துகள்கள் இருந்தன. குண்டடிபட்டுத் தப்பியோடி, எங்கோ சென்று இறக்கும் மான்களின் உடல் முழுவதும் இதே நிலைதான்.

காண்டோரின் வயிற்று அமிலம் வலிமை மிக்கது. அழுகிய இறைச்சியைச் செரிக்க இறைவன் அதற்களித்த அந்த அமிலமே ஈயத்தையும் கரைத்துவிடுகிறது. பின்னர் அதன் செரிமானப் பாதை செயலிழக்கிறது. இரை தொண்டைப் பையிலேயே தேங்கி நிற்க, பறவை பட்டினியால் சாகிறது. காண்டோர்களின் இரத்தத்தில் இருந்த ஈயத்தின் ஐசோடோப்பு விகிதத்தைத் தோட்டாக்களின் ஈயத்தோடு ஒப்பிட்ட ஆய்வு 2006-இல் வந்தது. நஞ்சின் முதன்மையான மூலம் தோட்டாவே என்று அது காட்டியது. காரணம் கண்டறியப்பட்ட காண்டோர் மரணங்களில் ஏறத்தாழ பாதி ஈயத்தால் நேர்ந்தவை.

சட்டமும் அதன் விதிவிலக்கும்

இந்தப் பின்னணியில் 2007 அக்டோபரில் ஆளுநர் அர்னால்ட் சுவார்செனேகர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். காண்டோர் வாழும் பகுதிகளில் மான், காட்டுப் பன்றி போன்ற பெரிய விலங்குகளையும் கொயோட் எனும் ஓநாயினத்தையும் ஈயத் தோட்டாவால் வேட்டையாடக் கூடாது என்ற விதி 2008 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. 2013 அக்டோபரில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட மற்றொரு சட்டம் தடையை மாநிலம் முழுவதற்கும் விரித்தது. 2015, 2016, 2019 என மூன்று படிகளில் அது அமலாயிற்று. 2019 ஜூலை 1 முதல் கலிபோர்னியாவில் எந்தக் காட்டுயிரையும் துப்பாக்கியால் வேட்டையாட ஈயமற்ற தோட்டாவே வேண்டும். எடையில் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. முதல் முறை மீறினால் 500 டாலர் அபராதம். அடுத்தடுத்த முறைகளுக்கு 1,000 முதல் 5,000 டாலர் வரை.

அதிகாரி ஒருவர் காட்டில் வேட்டைக்காரரைச் சந்திக்கும்போது, சுடப்பட்ட தோட்டாவை அவர் பார்க்கப் போவதில்லை. எனவே சட்டம் பயன்பாட்டை மட்டும் தடுக்காமல், வேட்டையின்போது ஈயத் தோட்டாவையும் அதைச் சுடவல்ல துப்பாக்கியையும் ஒருசேர வைத்திருப்பதையே தடுத்தது. இங்கேதான் இடுப்புத் துப்பாக்கி பற்றிய கேள்வி பிறந்தது.

அமெரிக்க வேட்டைக்காரர்களில் பலர் ரைபிளோடு கைத்துப்பாக்கி ஒன்றையும் கொண்டு செல்வார்கள். கரடி, மலைச் சிங்கம் எனப்படும் பூமா, விரியன் பாம்பு ஆகியவை ஒருபுறம். அரசுக் காடுகளில் சட்டவிரோதமாகக் கஞ்சா பயிரிட்டு ஆயுதத்தோடு காவல் காப்பவர்கள் மறுபுறம். தனியே காட்டுக்குள் செல்பவருக்கு அச்சம் இருப்பது இயல்பு. அவருடைய கைத்துப்பாக்கியில் இருப்பது பெரும்பாலும் கடையில் எளிதாகக் கிடைக்கும் ஈயத் தோட்டா.

அதையும் மாற்றச் சொல்லலாமே என்று கேட்கத் தோன்றும். அதில் ஒரு சிக்கல் இருந்தது. காவலர்களின் குண்டு துளைக்காத உடைகளைத் துளைக்கும் தோட்டாக்களைக் கட்டுப்படுத்த 1986-இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. கைத்துப்பாக்கியில் பயன்படுத்தத்தக்க தோட்டாவின் உட்பகுதி எஃகு, பித்தளை, வெண்கலம் முதலிய உலோகங்களால் ஆனதாயின் அந்தச் சட்டத்தின் பிடிக்குள் வந்துவிடும். ஈயத்தைக் கைவிடு என்று ஒரு சட்டமும், ஈயத்துக்கு மாற்றான உலோகங்கள் சிலவற்றைத் தொடாதே என்று மற்றொரு சட்டமும் சொல்லும் நிலை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இதை முன்னறிந்திருந்தது. கூட்டாட்சித் தடையின் காரணமாக ஓர் அளவிலான ஈயமற்ற தோட்டா சந்தையில் கிடைக்காமற்போனால், அந்த அளவுக்கான தடையை நிறுத்திவைக்க அது வழி வைத்தது.

தற்காப்புத் துப்பாக்கியைப் பொறுத்தவரை விதி எளிமையாக அமைந்தது. மறைத்து வைக்கத்தக்க சிறு துப்பாக்கியில் ஈயத் தோட்டா இருக்கலாம். ஆனால் அது தற்காப்புக்காக மட்டுமே இருக்க வேண்டும். காட்டுயிரை வேட்டையாடவோ அதற்குத் துணைசெய்யவோ அதைப் பயன்படுத்தக் கூடாது. துப்பாக்கியை எடுத்துச் செல்வதற்கான பிற சட்டங்கள் தனியே இருக்கின்றன. இந்த விதிவிலக்கு அவற்றை நீக்குவதில்லை. வில்லால் மட்டுமே மான் வேட்டையாடும் பருவத்தில், காவல் பணியினர் போன்ற சிலரைத் தவிர ஏனையோர் தற்காப்புக்கும் துப்பாக்கி ஏந்தக் கூடாது என்று அதே மாநிலம் விதித்திருப்பது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

இந்த விதியின் நியாயம் தெளிவானது. உறைக்குள் இருக்கும் ஈயம் எந்தக் கழுகையும் கொல்வதில்லை. இறைச்சிக்குள் நுழைந்து, காட்டில் விடப்படும் ஈயமே கொல்கிறது. ஆகவே சட்டம் கோடு கிழித்தது அந்த இடத்தில்தான்.

ஆனால் அந்தக் கோட்டுக்கு மிக அருகில் ஒரு பழைய வழக்கம் நிற்கிறது. ரைபிள் குண்டு பட்டு விழுந்தும் உயிர் போகாத மானை, அதன் வேதனையை முடிக்கும் பொருட்டு, அருகே சென்று கைத்துப்பாக்கியால் சுடுவது பல வேட்டைக்காரர்களின் பழக்கம். நோக்கம் இரக்கமே. எனினும் கலிபோர்னியச் சட்டம் வேட்டையாடுதல் என்ற சொல்லுக்குத் துரத்துதல், பிடித்தல், கொல்லுதல், அவற்றுக்கு முயலுதல் ஆகிய அனைத்தையும் பொருளாகக் கொள்கிறது. இரக்கத்தின் பொருட்டுச் சுட்ட அந்த ஒரு குண்டும் வேட்டையின் பகுதியே. தற்காப்புக்கென்று வைத்திருந்த ஈயம் அந்த நொடியில் தடைசெய்யப்பட்ட ஈயமாகிவிடுகிறது.

ஃபிக்ஹு அறிஞர்கள் சந்தித்த ஈயம்

இந்த இடத்தில் நம் மார்க்க மரபை நினைவுகூர்வது பொருத்தமானது. அம்பின் கூர்மை பட்டு இறந்த பிராணியை உண்ணலாம். அதன் பக்கவாட்டு அடியால் இறந்ததை உண்ணலாகாது என்ற கருத்தை நபி (ஸல்) அவர்களிடமிருந்து அதீ பின் ஹாதிம் (ரலி) அறிவித்திருக்கிறார்கள். அடிபட்டுச் செத்ததை விலக்கும் அல்-மாயிதா அத்தியாயத்தின் மூன்றாம் வசனத்தோடு இது இயைந்து நிற்பது.

துப்பாக்கி பரவிய பின்பு அறிஞர்கள் முன் புதிய கேள்வி எழுந்தது. ஈயக் குண்டு கூர்மையால் கொல்கிறதா, அல்லது பாரத்தாலும் விசையாலும் கொல்கிறதா? டமாஸ்கஸ் நகரின் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்), அது அறுப்பதன்று, விசையால் நொறுக்குவது என்று கண்டு, அதனால் மட்டுமே இறந்த பிராணியை விலக்கினார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் வழக்கமான நிலைப்பாடும் அதையொட்டியதே. மாலிகி அறிஞரான தஸூகீ (ரஹ்), யமன் நாட்டு ஷவ்கானீ (ரஹ்) ஆகியோர், குண்டு உடலைத் துளைத்துச் செல்வதால் ஆகும் என்ற கருத்தைக் கொண்டார்கள். இந்த இருவகைப் பார்வையில் எதைப் பின்பற்றுவது என்பதை வாசகர்கள் தத்தம் ஆலிம்களிடம் கேட்டறிய வேண்டும். தீர்ப்புரைப்பது நம் பணியன்று.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. உயிரோடு கைக்குக் கிடைத்த பிராணியை அல்லாஹ்வின் பெயர் கூறிக் கத்தியால் அறுக்க வேண்டும் என்பதில் இவர்கள் ஒன்றுபடுகிறார்கள். ஆகவே, விழுந்த மானின் அருகே செல்லும் முஸ்லிம் வேட்டைக்காரரின் கை உறையிலுள்ள துப்பாக்கியை நாடாமல் கத்தியையே நாட வேண்டும். கலிபோர்னியச் சட்டம் 2019-இல் அடைத்த அந்த வழியை அவர் ஏற்கெனவே தேர்ந்திருக்க வேண்டியதில்லை.

எதிர்க்குரல்களும் ஏழையின் தட்டும்

சட்டத்தை எதிர்த்தவர்களின் வாதங்களையும் நேர்மையோடு பதிவு செய்வது கடமை. செம்புத் தோட்டா விலை கூடியது. சில பழைய துப்பாக்கிகளுக்குத் தகுந்த அளவில் அது எளிதில் கிடைப்பதில்லை. வேட்டையையே ஒழிப்பதற்கான முதற்படி இது என்று ஐயுற்றவர்களும் உண்டு. கூட்டாட்சி மட்டத்தில் இந்த இழுபறி வெளிப்படையாகவே நடந்தது. 2017 ஜனவரி 19-இல், ஒபாமா ஆட்சியின் கடைசி முழுநாளில், கூட்டாட்சி வனவிலங்கு நிலங்களில் ஈயத்தைப் படிப்படியாக நீக்கும் ஆணை பிறந்தது. அதே ஆண்டு மார்ச் 2-இல் புதிய உள்துறைச் செயலர் அதை இரத்து செய்தார். ஆறு வாரங்களே அது உயிரோடிருந்தது.

அரிசோனா மாநிலம் வேறு வழியில் சென்றது. தடை விதிக்காமல், 2005 முதல் காண்டோர் பகுதி வேட்டைக்காரர்களுக்கு ஈயமற்ற தோட்டாவை இலவசமாகக் கொடுத்து, காரணத்தை விளக்கி, அவர்களின் ஒத்துழைப்பைக் கோரியது. பெரும்பாலோர் மனமுவந்து இணங்கினார்கள். வேட்டைக்காரர் இயற்கையின் பகைவர் என்ற எண்ணம் தவறானது என்பதற்கு இது சான்று.

மனிதரைப் பற்றிய கணக்கும் இதில் உண்டு. வேட்டை இறைச்சியை ஏழைகளுக்குக் கொடுப்பது அமெரிக்காவில் நல்ல வழக்கம். 2008-இல் வடக்கு டகோட்டா மாநிலத்தில், அவ்வாறு தானமாக வந்த மான் இறைச்சியில் ஈயத் துகள்கள் தென்பட்டதால் உணவு வழங்கும் நிலையங்கள் அதை அப்புறப்படுத்த நேர்ந்தது. மறு ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், 30 மான்களிலிருந்து அரைத்துக் கட்டிய 234 இறைச்சிப் பொட்டலங்களை எக்ஸ்ரே எடுத்தனர். அவற்றுள் நூற்றுக்கு 32-இல் உலோகத் துகள்கள் இருந்தன. 30 மான்களில் 24-இன் இறைச்சி இவ்வாறு மாசுபட்டிருந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் கேடு விளைவிப்பது. அதற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. உணவு ஹலாலாக இருப்பதோடு தய்யிபாகவும், அதாவது தூயதாகவும், இருக்க வேண்டும் என்று கற்பிக்கப்பட்ட சமூகம் நாம். ஏழையின் தட்டில் நாம் வைப்பது எது என்ற கேள்வி, காண்டோரின் இரையைப் பற்றிய கேள்வியோடு ஒன்றாகிவிடுகிறது.

யாரும் காணாத இடத்தில்

2008-ஆம் ஆண்டுத் தடைக்குப் பின், அப்பகுதிப் பொன்னிறக் கழுகுகளிலும் வான்கோழிக் கழுகுகளிலும் இரத்த ஈயத்தின் அளவு குறைந்ததை 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2022-இல் வடக்குக் கலிபோர்னியாவில் யுரோக் பழங்குடியினர் தம் மூதாதையர் நிலத்தில் மீண்டும் காண்டோர்களைப் பறக்கவிட்டனர். அந்த வானத்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காண்டோர் இல்லாதிருந்தது. இன்று உலகில் 500-க்கும் மேற்பட்ட காண்டோர்கள் இருக்கின்றன. பாதிக்கு மேல் காட்டில் வாழ்கின்றன. எனினும் அவற்றை அவ்வப்போது பிடித்து இரத்தம் சோதித்து, ஈயம் மிகுந்தால் மருந்து செலுத்தி விடுவிக்க வேண்டிய நிலை இன்னும் நீங்கவில்லை. ஒரே ஒரு நச்சுக் குவியல் பல பறவைகளைக் கொல்லப் போதுமானது. அவை கூட்டமாக உண்பவை.

ஆகவேதான் இடுப்புத் துப்பாக்கிக்கான அந்தச் சிறிய விதிவிலக்கு நம் கவனத்துக்குரியது. பரந்த மலைக்காட்டில், அந்தி வேளையில், விழுந்த மானின் அருகே நிற்பவர் எந்தத் துப்பாக்கியை எடுத்தார் என்பதை எந்த அதிகாரியும் பார்க்கப் போவதில்லை. சட்டம் அதை அவருடைய அமானிதமாக விட்டுவிட்டது. அவர் அதைப் பேணினால் சட்டம் நிற்கும். பேணாவிட்டால், மறுநாள் காலை அக்குவியலில் இறங்கும் பறவை அதன் விலையைக் கொடுக்கும்.

இஹ்ராம் அணிந்திருந்தோருக்கு வேட்டை தடுக்கப்பட்டபோது, பிராணிகள் அவர்களின் கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும் தொலைவிலேயே வந்து நின்ற சோதனையைப் பற்றி அல்-மாயிதா அத்தியாயத்தின் 94-ஆம் வசனம் பேசுகிறது. மறைவிலும் இறைவனை அஞ்சுபவர் யார் என்பதே அந்தச் சோதனையின் கேள்வி. அவ்வசனம் இறங்கிய சூழல் வேறு; இன்றைய வேட்டைச் சட்டம் வேறு. ஆயினும், யாரும் பார்க்காத இடத்தில் கையைக் கட்டுப்படுத்திக்கொள்வது எத்தகைய காரியம் என்பதை வேட்டையைக் கொண்டே நமக்குக் கற்பித்த வேதத்தை உடையவர்கள் நாம். இப்பொறுப்பின் கனம் நமக்கு விளங்காமற்போக நியாயமில்லை.

அல்லாஹ்வே யாவற்றையும் நன்கறிந்தவன்.